நீலம் ஏன் இடது பக்கம் மட்டும்

இந்த பெயிண்டிங்க பாக்குறவங்க நிறைய பேர் இது கடலா, மழையான்னு கேக்குறாங்க. இடது பக்கம் அடர் நீலம், வலது பக்கம் போகப்போக வெளிறிப்போற மஞ்சள், அப்படித் தோணுறது நியாயம்தான், அவங்களுக்கு கடல்னா கடலாவே இருக்கட்டும். எனக்கு இது எங்கப்பாவோட காது.

வயசாகி அவருக்கு கேக்குறது குறைஞ்சப்போ டெஸ்ட் எடுத்து ஆடியோகிராம்னு ஒரு கிராஃப் குடுத்தாங்க. இடது ஓரத்துல 250 ஹெர்ட்ஸ், அதாவது லோ பிட்ச், வலது ஓரத்துல 8000 ஹெர்ட்ஸ், கீச்சுன்னு இருக்குற ஹை பிட்ச். வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீல பெருக்கல் குறி. ரெண்டு கோடும் கொஞ்ச தூரம் மட்டமா வந்துட்டு அப்புறம் வலது பக்கமா சரிஞ்சு இறங்கிடுச்சு. வயசுல வர்ற காது மந்தம் பெரும்பாலும் இப்படித்தான், ஹை பிட்ச்தான் முதல்ல போகும். உயிரெழுத்து ஓசைக்கு பலம் பெரும்பாலும் லோ பிட்ச்ல இருக்கு, ஸ, ஷ, ஃப மாதிரி ஓசையெல்லாம் ஹை பிட்ச்ல இருக்கு, அதனால யாரோ பேசுறாங்கன்னு தெரியும், என்ன பேசுறாங்கன்னு பிடிபடாது. "சத்தம் வருதுப்பா, பேச்சுதான் வரமாட்டேங்குது"ன்னு அவர் சொல்லிட்டே இருந்தாரே, அது அப்படியே அந்த கோட்டுல இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே அந்த சரிவ பென்சில்ல போட்டு வெச்சுட்டேன்.

அப்பாவ போர்ட்ரெய்ட்டா வரையலாமேன்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டார். முகத்த வரைஞ்சா பாக்குற நமக்கு அவர் எப்படி இருக்கார்னு தெரியும், உலகம் அவருக்கு எப்படி வந்து சேருதுங்கறது அதுல வராதே. அதுக்கு உருவமே கிடையாது, அப்ஸ்ட்ராக்ட்டுக்குப் போனதுக்கு வேற காரணமே இல்ல.

கலர் விஷயத்துல ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கிதான் வழி காட்டினார். மஞ்சள்னா ட்ரம்பெட், இளநீலம் புல்லாங்குழல், அடர்நீலம் செல்லோ, இன்னும் அடர்ந்தா டபுள் பாஸ், அதுக்கும் கீழ ஆர்கன்னு 1911ல வந்த தன்னோட புத்தகத்துல எழுதியிருக்கார். எல்லாருக்கும் இது பொருந்தும்னு நான் நம்பல, ஆனா கிராஃப்ல இருக்குற லோ பிட்ச் ஓசைக்கும் ஹை பிட்ச் ஓசைக்கும் நிறம் தேடிட்டிருந்த எனக்கு அது அப்படியே உட்கார்ந்துச்சு. அதனால இடது பக்கம் அல்ட்ராமரைன்ங்கற அடர் நீலம், அதுல பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு கலந்து கிட்டத்தட்ட கருப்பு வரைக்கும் கொண்டு போனேன், டியூப்ல வர்ற கருப்பு எனக்கு செத்த மாதிரி இருக்கும், இந்தக் கலவைக்குள்ள நீலம் உயிரோட இருக்கும். வலது பக்கம் மெல்லிசு மெல்லிசா லெமன் மஞ்சள் கோடு போட்டு, ஆயில்ங்கறதால சீக்கிரம் காயாது, ஈரமா இருக்கும்போதே பேலட் கத்தியால சுரண்டி எடுத்தேன். எவ்வளவு சுரண்டினாலும் கேன்வாஸ் நெசவுக்குள்ள ஒரு மஞ்சள் சாயம் தங்கிடும், அது தங்கணும்னுதான் சுரண்டினதே. ஒரு குரல் முழுசா போறதில்ல, அதோட விளிம்புதான் போகுது.

நடுவுல நீலமும் மஞ்சளும் சந்திக்குற இடத்துல தானா ஒரு பச்ச வந்துச்சு. அத விட்டுட்டேன். பாதி கேட்டு, மீதிய நம்ம உதட்டப் பாத்து அப்பா புரிஞ்சுக்குற இடம் அதுன்னு வெச்சுக்கிட்டேன். படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த பச்சதான், அவர் விடாம பண்ற முயற்சி முழுக்க அங்கதான் இருக்கு. அங்கங்க உடைஞ்ச சிவப்பு வளைவு தெரியுதே, அது வலது காதோட வட்டம்.

முடிச்சதும் அப்பாகிட்ட, அவர் முகத்துக்கு நேரா நின்னு, ஒவ்வொண்ணா சொன்னேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதுல உங்கம்மா குரல் எங்க?"ன்னு கேட்டார். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல விரல் வெச்சு காட்டினேன்.

இப்ப அவர் ஹியரிங் எய்ட் போட ஆரம்பிச்சிருக்கார். அது குறைஞ்சுபோன பிட்ச மட்டும் தனியா தூக்கிக் குடுக்கும், ஆனா அந்த சத்தம் பழைய சத்தம் இல்ல, தகரத்துல தட்டுற மாதிரி இருக்குன்னு சொல்றார். அடுத்த கேன்வாஸ் அதுக்குத்தான், பிரைமர் அடிச்சு வெச்சிருக்கேன், திரும்பி வர்ற மஞ்சள் லெமனா இருக்கக் கூடாதுங்கறது மட்டும் உறுதி, மண் மஞ்சளான ஓக்கரா வேற ஏதாவதான்னு அவர் காதுல இன்னும் கொஞ்சம் பழகினப்புறம் அவரையே கேட்டு முடிவு பண்ணப்போறேன்.