பொதுவாச் சொல்றதுதாம்மா

"ஏன் சார், மண்ணுல ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா, பொதுவா எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

இந்தப் பதிலைச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. அம்பத்தூர்ப் பக்கம், மூடிப்போன ஒரு ஈயப் பட்டறையின் மதிலை ஒட்டிய வீடு. பழைய பேட்டரியை உடைத்து உருக்கிய இடம் அது. எங்களுக்கு வேலை மதிலுக்கு உள்ளேதான். நிலத்தை வாங்கப்போகிறவர்களுக்காக மண் பரிசோதனை. அந்தம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, கையிலிருந்த, மண்ணில் உள்ள உலோகத்தை அளந்து காட்டும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியை அவர் வாசல் மண்ணில் வைத்து அழுத்தினேன். ஈயம் நான்கு இலக்கத்தில் வந்தது. வீட்டு மண்ணில் 400 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 400 பங்கு, என்பதைத்தான் அமெரிக்காவில் பல வருடம் எச்சரிக்கை அளவாக வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அதையும் 200 ஆகக் குறைத்தார்கள்.

"பள்ளமா இருந்துச்சு சார், மழைக்குத் தண்ணி நிக்கும். மாமனார் அங்கதான் வேலை பார்த்தாரு. அந்தக் கசடைத்தான் ரெண்டு வண்டி கொட்டி மேடாக்குனோம்" என்று அவராகவே சொன்னார். மூன்று வயசுப் பையன் அதே மேட்டில் உட்கார்ந்து, பவுடர் டப்பாவில் மண்ணை அள்ளிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நடுநடுவே விரல் வாய்க்குப் போனது.

கையை சோப்புப் போட்டுக் கழுவி விடுங்க, வீட்டைப் பெருக்காம ஈரத்துணியால துடைங்க என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

கருவி காட்டுவது முதல்கட்டக் கணிப்பு. லேபில் உறுதி செய்யாமல் ஒரு தாயைக் கலங்கடிக்கலாமா என்று ஆபீஸ் வந்து சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசல் தெளித்த ஈர மண் வேறு, கணக்கு தப்பியிருக்கும் என்றும். ஈர மண்ணில் கருவி குறைத்துத்தான் காட்டும். காய்ந்த மண்ணாக இருந்தால் எண் இன்னும் ஏறியிருக்கும். புதிதாக வரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

ஈயம் மக்காது. மழையில் கரைந்து ஆழத்துக்கும் அவ்வளவாக இறங்காது, மேல் மண்ணிலேயே கிடக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால், குழந்தைக்குக் கிட்டத்தட்டப் பாதி சேரும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடுதல். பெரும்பாலும் காய்ச்சல், வாந்தி என்று எதுவும் வெளியே தெரியாது. பள்ளிக்கூடம் போன பிறகு, பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கம்மா என்று சொல்ல எந்த லேப் ரிப்போர்ட்டும் தேவையில்லை. அதுகூட வாயில் வரவில்லை.

மதிலுக்கு வெளியே இருக்கும் வீடுகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன். நம் ஸ்கோப்பில் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். எழுதினேனே என்று சில நாள் மனசு ஆறும். அந்த வரியை அந்தம்மா எந்தக் காலத்திலும் படித்திருக்கப் போவதில்லை என்று சில நாள் தோன்றும். சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார், சொந்த வீட்டை விட்டுவிட்டு எங்கே போவார்? அந்த மேட்டின்மேல் ரெண்டு லோடு நல்ல மண்ணாவது கொட்டியிருப்பார். பையனை மாடியில் விளையாட விட்டிருப்பார்.

கிளம்பும்போது பக்கத்துப் பாத்தியிலிருந்து அரைக்கீரை பிடுங்கி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வேரில் மண் ஒட்டியிருந்தது. "வீட்டுல பாப்பா இருக்குன்னீங்களே, கடைஞ்சு கொடுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போட்டேன். என் மகளுக்கு ஆகாது என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். போன வாரமும் அப்படித்தான் இருந்தேன். போனால் கீரையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.