சிவனொளிபாதம்: நேர்த்தியோடு ஏறுகிறவர்களுக்கு

இலங்கையின் சிவனொளிபாத மலையில் போயா (பௌர்ணமி) நாளில் ஏறினால்தான் நேர்த்திக்கடன் தீரும் என்றில்லை, எந்த நாளிலும் தீரும். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும் பருவத்தில், போயாவிலும் வார இறுதியிலும் கடைசிப் படிகளில் கூட்டம் அப்படியே இறுகி நின்றுவிடும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் படும் பாடு வேதனை. படியிலேயே படுத்துத் தூங்கி வழி மறிப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கினாலே பாதிச் சிரமம் குறையும்.

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும், "இனி பஸ் இல்லை" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நம்பவேண்டாம். பருவத்தில், ஏற்றம் தொடங்கும் நல்லதண்ணிக்கு இரவிலும் பஸ் ஓடும்.

மலை 2,243 மீற்றர், படிகள் 5,500 அளவில். நிதானமாக ஏறினால் நாலு மணி நேரம். அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி, வழியில் வரும் சீத கங்குலை ஓடையில் கைகால் கழுவிக்கொண்டு ஏறினால் போதும். பலரும் தவறுவது இங்கேதான்: முன்னதாகவே கிளம்பி, வேகமாக ஏறி 3 மணிக்கே உச்சியில் நிற்பார்கள். வியர்வையில் ஊறிய சட்டையில் மலைக்காற்று பட்டதும் உடம்பு வெடவெடக்கும், விடியும்வரை ஒதுங்க இடமும் கிடைக்காது. உலர்ந்த சட்டையும் கம்பளித் தொப்பியும் பையில் இருக்கட்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றியதும் கல் பனிக்கட்டியாய்ச் சுடும், காலுறை உதவும்.

உச்சியிலுள்ள திருப்பாதச் சுவட்டின் முன்னே நிற்கக் கிடைப்பது சில நொடிகள். துணி போர்த்திய அந்த இடத்தில் நெற்றி பட்டதும், கேட்க நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோகும். மலையின் காவல் தெய்வமான சமன் தெய்யோ என்பவரும் சிவனே என்பவரும் ஒரே வரிசையில், சிங்கள யாத்திரிகரின் "கருணாவை" என்ற குரலுக்குள் "அரோகரா"வும் கலந்து ஒலிக்க, கண் தானாக நிறையும். பெருமானே, இந்தத் தரிசனம் ஒன்று போதும்.

உதயத்தைப் பார்த்த கையோடு இறங்கிவிடாதீர்கள். மேற்குப் பக்கம் திரும்புங்கள். பனிமூட்டத்தின்மேல் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழுந்திருக்கும். சூரியன் ஏற ஏறச் சுருங்கி, சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். ஒரு தடி வேண்டும். படியில் சற்றுப் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள்.

உச்சியிலிருந்து கிளம்புமுன் அங்குள்ள மணியை அடிக்கவேண்டும், எத்தனையாவது முறையோ அத்தனை அடி. முதல்முறை வந்தவருக்கு ஒன்றோடு முடியும். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு ஆச்சி கயிற்றைப் பிடித்தால், அது பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.