ரோஜா நிற வேட்டியோடு மானிட்டர் வாங்கப் போனேன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு எஜமானர்கள். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, கோயில் விழாக்களில் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டுபவன் நான். இரவு எட்டு மணிக்கு மேல் அக்கா மகன் வந்து உட்கார்ந்தால் கார் பந்தயமும் கால்பந்தும்தான். எங்கள் இருவருக்கும் பதினோரு வருடமாக உழைத்தது ஒரு 22 அங்குலத் திரை. அதன் பேனல் (படத்தைக் காட்டும் தகடு) டிஎன் என்ற வகை. மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் வேறு நிறம். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தாலே காவடி எடுப்பவர்களின் வேட்டி வெளுத்துவிடும்.

எங்கள் மொரீஷியஸில் தைப்பூசக் காவடி என்றால் அடர் ரோஜா நிறம். வெயிலில் கண்ணைப் பறிக்கிற நிறம் அது. காத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்து மலைச்சரிவில் இருக்கும் கோயிலுக்கு, ரோஜா நிறம் உடுத்திய கூட்டம் படியேறுவதைக் கீழே நின்று எடுத்திருந்தேன். அந்த நிறம் சரியாக வராவிட்டால் அந்த வீடியோவில் எதுவும் இல்லை. புதுத் திரை வாங்குவது என்று முடிவானது அந்த வாரம்தான்.

ஒதுக்கிய பணம் 15,000 ரூபாய். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் அச்சாகியிருப்பதை எந்தக் கடைக்காரரும் தள்ளுபடிக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு 4கே (3840 × 2160 பிக்சல், அதாவது புள்ளி) ஆசை. மருமகனுக்கு நொடிக்குப் பலமுறை படம் மாறும் வேகம். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 4கே என்றால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 83 லட்சம் பிக்சலை கிராபிக்ஸ் கார்டு வரைந்து தள்ள வேண்டும். 2560 × 1440 என்றால் 37 லட்சம்தான். எங்களிடம் இருக்கும் நடுத்தரக் கார்டு 4கே விளையாட்டில் மூச்சு வாங்கும். அதற்காகப் பழைய 1920 × 1080 அளவையே 27 அங்குலத்தில் வாங்கினால், அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும். நான் வீடியோவின் அடியில் தமிழில் வரிகள் போடுகிறவன். அந்த அடர்த்தியில் சிறிய எழுத்தில் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1440-இல் அங்குலத்துக்கு 109 பிக்சல். வாக்குவாதம் அதோடு முடிந்தது.

கடைக்குப் போகும்போது ஒரு பையில் என் காவடி வேட்டியையும், ஒரு யுஎஸ்பி குச்சியில் அதே வேட்டி தெரியும் ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டேன். கடைக்காரப் பையன் முதலில் சிரித்தான். கடையில் எல்லாத் திரைகளும் அதிகபட்ச வெளிச்சத்தில், நிறத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பில் எரிந்துகொண்டிருந்தன. கிளியும் பூவும் பழமுமாக ஓடும் கடை வீடியோவில் எல்லாத் திரையும் அழகுதான். என் படத்தைப் போட்டு, பக்கத்தில் வேட்டியைப் பிடித்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. ஒன்றில் வேட்டி ஊதாவாகிவிட்டது, இன்னொன்றில் தக்காளி நிறம்.

விஏ என்ற இன்னொரு வகைப் பேனலின் கறுப்பு அருமையாக இருந்தது. ஆனால் மருமகன் தன் போனில் வைத்திருந்த இரவுப் பந்தய வீடியோவை ஓட விட்டபோது, இருட்டுக்குள் ஓடும் காரின் பின்னால் நிழல் வால் போல இழுபட்டது. விலை குறைந்த விஏ பேனல்களில் இருட்டான நிறங்கள் மாற நேரம் எடுப்பதால் வரும் குறை இது. கடைசியில் 27 அங்குலம், 1440, ஐபிஎஸ் (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படம் மாறும்) என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஆயிரம் ரூபாய் கூடுதல். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

முதல் வாரம். "மாமா, 165 என்றால் கண்ணுக்கே தெரிகிறது, எவ்வளவு வழவழப்பு!" என்றான் மருமகன். நானும் ஆமாம் என்றேன். ஆறாம் நாள் வேறெதற்கோ விண்டோஸ் அமைப்புகளுக்குள் போனால், திரை 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்துச் செருகினால் அதுவாக 165-க்குப் போய்விடாது, நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

பிக்சல்கள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் 'ஓவர்டிரைவ்' என்ற அமைப்பைக் கடைசிப் படிக்கு ஏற்றினால்தான் விளம்பரத்தில் சொன்ன 1 மில்லி நொடி வரும் போலிருக்கிறது. ஏற்றிப் பார்த்தோம். பந்துக்குப் பின்னால் வெளிறிய ஒளிவட்டம் ஒன்று கூடவே பறந்தது. நடுப்படியே போதும்.

இரண்டாம் வாரம்தான் உண்மையான அடி. காவடி வீடியோவைத் திறந்தேன். வேட்டிகள் எரிந்தன. எனக்கே கூசியது. இவ்வளவு காலமும் தவறாக எடுத்திருக்கிறோம் என்று நினைத்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து ரோஜா நிறத்தைக் குறைத்தேன். திரையில் கச்சிதமாக வந்தது. முடித்து, ரோஸ் ஹில்லில் இருக்கும் அத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். அத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏனப்பா, இந்த வருடம் எல்லோரும் சாயம் போன வேட்டியா கட்டினார்கள்?" என்று கேட்டார்.

குற்றம் திரையின் பெருந்தன்மையில் இருந்தது. சாதாரண வீடியோவின் நிற எல்லையும், திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபியின் எல்லையும் ஏறக்குறைய ஒன்றுதான். என் புதுத் திரையால் அதைவிட அகன்ற எல்லையைக் காட்ட முடியும். அதனால் வீடியோ 'சிவப்பு 255', அதாவது முழுச் சிவப்பு, என்று சொன்னால், அது தன்னால் முடிந்த அதிகபட்சச் சிவப்பைக் காட்டிவிடுகிறது. இல்லாத நிறத்தைப் பார்த்து நான் குறைத்திருக்கிறேன். திரையின் பட்டியலில் எஸ்ஆர்ஜிபி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் வேட்டிகள் அடங்கின. குறைத்ததையெல்லாம் நீக்கிவிட்டு, மறுபடி அத்தை வீட்டில் போட்டேன். "இப்போது சரி" என்றார். ஒரு தொந்தரவு, அந்த அமைப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். இருட்டறையில் கண் வலிக்கிறது. திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சிறு விளக்கை வைத்துச் சமாளிக்கிறேன். விளையாட்டுக்கு அகன்ற நிறமே இருக்கட்டும் என்று மருமகன் அடம்பிடிப்பதால், ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்கிறோம்.

மூன்றாம் வாரம் இன்னொன்று தெரிந்தது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோயில் மண்டபத்துக் குழல் விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டையாக விழாமல் இருக்க, நான் நொடிக்கு 25 படமாக, 1/50 ஷட்டரில் எடுக்கிறேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 சரியாக வகுபடாது. சில படங்கள் இரண்டு முறை, சில படங்கள் மூன்று முறை என்று சீரில்லாமல் வரும். கேமராவை மெல்லத் திருப்பிய இடங்களில் தட்டித் தட்டி நகர்ந்தது அதனால்தான். இத்தனை வருடம் என் கை நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன்! 165-உம் வகுபடாது. பட்டியலில் 100 ஹெர்ட்ஸ் இருந்தது. ஒரு படத்துக்குச் சரியாக நான்கு முறை. மலைப்படிகளின் மேல் கேமரா எண்ணெய் விட்டது போல் வழுக்கிச் சென்றது. எடிட்டிங் நேரத்தில் இப்போது 100-தான்.

மீதி இருக்கும் குறை கறுப்பு. விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி பார்த்தால், கீழ் மூலைகளில் சாம்பல் பூத்தது போல ஒரு வெளிச்சம். ஐபிஎஸ் பேனலின் ஒளி-இருள் விகிதம் பொதுவாக 1000-க்கு ஒன்று, விஏ பேனலில் 3000-ஐ எட்டும். அடுத்து எடுக்கப்போவது தீமிதி. பொழுது சாய்ந்த பிறகு குழியின் கங்கு மட்டும் தெரிகிற காட்சி அதில் வரும்.

"அந்த விஏ திரையையே வாங்கியிருக்கலாமோ?" என்றேன் நேற்று.

"வாங்கியிருக்கலாம். தீமிதிப்பவர்களுக்கும் வால் முளைத்திருக்கும், மாமா" என்றான், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.