பாட் ஸ்பில்லேன் திட்டாத ஊர் இல்லை

2022 ஜூலை 24, ஞாயிறு சாயங்காலம். அயர்லாந்தின் ஆர்டிஇ தொலைக்காட்சியில், அந்த நாட்டின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பாலின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி முடிந்திருந்தது. கால்வே கவுண்டியை 0-20க்கு 0-16 என்று வென்ற கெரி கவுண்டி அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடியது (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). கேமரா விமர்சகர்கள் பக்கம் திரும்பியது. கோட்டு போட்ட, அறுபத்தாறு வயது ஆள் ஒருவர் பேச ஆரம்பித்தார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை வந்ததும் தொண்டை அடைத்து, ஊரே பார்க்க அழுதுவிட்டார்.

அயர்லாந்துக்கு வந்த புதிதில், தட்டில் ரசம் சாதத்தோடு சேனல் மாற்றும் நம் ஆட்களுக்கு இது விளங்காது. யார் இந்தப் பெரியவர்? இருபதும் பதினாறும் சரி, முன்னால் எதற்கு ஒரு சைபர்? அதெல்லாம் கிடக்கட்டும், ஜெயித்த ஊர்க்காரர் ஏன் அப்பாவை நினைத்து அழுகிறார்? ஆனால் சாதம் மட்டும் தொண்டையில் இறங்காது. அப்பா என்று சொல்லி அழுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

முதலில் சைபர். கம்பம் ஆங்கில எழுத்து ‘எச்’ மாதிரி நிற்கும். குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கட்டைக்கு மேலே இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால் 1 புள்ளி. பலகையில் கோலையும் புள்ளியையும் கூட்டாமல் தனித்தனியாகப் போடுவார்கள், நாம்தான் மனக்கணக்குப் போட வேண்டும். 1982 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஐந்தாவது கோப்பைக்கு ஆடிய கெரி, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 0-17க்கு 0-15 என்று முன்னால் நின்றது. ஆஃபலி அணிக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஷேமஸ் டார்பி ஒரு கோல் போட்டார். 1-15, அதாவது பதினெட்டு. கெரி பதினேழு. ஐந்தாவது கோப்பை போயே போய்விட்டது. கெரியில் இன்றைக்கும் அந்தக் கோலைப் பற்றிப் பேச்செடுத்தால் டீ ஆறிப்போகும்.

டிவியில் அழுத அந்தப் பெரியவர், பாட் ஸ்பில்லேன், அந்தத் தலைமுறைக் கெரிக்காரர். 1955 டிசம்பரில் பிறந்தவர். கென்மேர் விரிகுடாவை ஒட்டிய டெம்பிள்நோ என்ற சின்ன ஊர், குடும்பத்துக்கு அங்கே ஒரு பப். 1975 இறுதிப் போட்டியில் கேப்டன் மிக்கி நெட் ஓ’சல்லிவன் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட, பத்தொன்பது வயது ஸ்பில்லேன் கையில்தான் சாம் மெக்வயர் கோப்பையை, அதாவது அகில அயர்லாந்துக் கோப்பையை, கொடுத்தார்கள். 1975, 78, 79, 80, 81, 84, 85, 86 என்று எட்டு அகில அயர்லாந்துப் பட்டங்கள், அந்தந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஆல் ஸ்டார் விருதுகள் ஒன்பது. நடுவில் முட்டித் தசைநார் கிழிந்து, இனி ஆடவே முடியாது என்ற நிலை. கேம்பிரிட்ஜில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தவர், 86இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார்.

இவ்வளவுக்கும் சம்பளம் ஒரு பைசா கிடையாது. நம் ஆட்கள் நம்ப மறுப்பது இதைத்தான். க்ரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் உட்காரலாம். அத்தனை கூட்டத்துக்கு முன்னால் ஆடுகிறவர்களுக்கு வழிச்செலவும் சின்ன உதவித்தொகையும்தான். திங்கட்கிழமை வாத்தியார் பள்ளிக்கூடம் போவார், விவசாயி மாட்டைப் பார்ப்பார். ஸ்பில்லேனும் வாத்தியார்தான், அதுவும் கார்க் கவுண்டியில் இருக்கும் பான்ட்ரியில். கார்க் என்றால் கெரிக்குப் பரம்பரைப் பகை. ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தோற்கடித்துவிட்டு மறுநாள் அவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தோற்றிருந்தால் அதைவிடக் கஷ்டம்.

1991இல் ஆட்டத்தை விட்டார். அதன்பின் ஏறக்குறைய முப்பது வருஷம் ‘தி சண்டே கேம்’ நிகழ்ச்சியில் விமர்சகர். ஆட்டம் தெரியாதவரும் ரசிக்கலாம் இதை, ஏனென்றால் இது அசல் பட்டிமன்றம். நடுவர் நாற்காலியில் மைக்கேல் லிஸ்டர். எதிரில் ஸ்பில்லேன், மீத் அணியின் கொலம் ஓ’ரூர்க், டெரி அணியில் ஆடி 1993இல் பட்டம் வென்ற ஜோ ப்ராலி. ப்ராலி தொழிலில் வக்கீல், வாயைக் கேட்கவா வேண்டும். ஓ’ரூர்க் நிதானமாக வந்து குத்துவார். ஸ்பில்லேன் கையை வீசி, குரலை ஏற்றி, ஒரு உவமையைப் பிடித்தால் அதன் உயிர் போகும்வரை விட மாட்டார். பொங்கலன்று காலையில் டிவி முன்னால் கரும்பு கடித்துக்கொண்டு பார்க்கிறோமே, அதே ருசி. என்ன, இங்கே கரும்பு இல்லை, வெளியே மழை.

அவர் சொன்னதிலேயே ஊரைக் கிளப்பியது 2003 அரையிறுதியில் சொன்ன ‘பியூக் ஃபுட்பால்’. தமிழில் சொன்னால் வாந்தி ஃபுட்பால். டிரோன் 0-13, கெரி 0-6. ஏன் அப்படித் திட்டினார் என்று புரிய ஒரு விதி தெரிய வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது. அதற்குள் ஒருமுறை தரையில் தட்ட வேண்டும், அல்லது கால்விரலில் விட்டுக் கைக்குத் திருப்ப வேண்டும். இதற்குப் பெயர் சோலோ. அடுத்தடுத்து இரண்டு முறை தரையில் தட்ட முடியாது, சோலோ எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். இப்போது கெரிக்காரர் ஒருவர் பந்தைப் பிடிக்கிறார், சுற்றி மூன்று நான்கு டிரோன்காரர்கள் மொய்க்கிறார்கள். காலைத் தூக்க இடமில்லை என்றால் சோலோ ஏது? ஐந்தாவது எட்டு வைத்தால் ஃபவுல், வைக்காவிட்டால் பந்து பறிபோகும். அன்றைக்குக் கெரியை முடித்தது இந்த மொய்ப்புதான். அந்த வருஷம் டிரோன் தன் முதல் பட்டத்தையும் வென்றது.

இதில் நியாயம் டிரோன் பக்கம் என்றே சொல்ல வேண்டும். கபடியில் பாடி வந்தவர் மேல் நாலு பேர் விழுந்து அமுக்கினால் நாம் விசிலடிக்கிறோமே, வாந்தி என்றா சொல்கிறோம்? ஆனால் கூட்டமாகப் பின்னால் இறங்கிக் காப்பது நாளடைவில் எல்லா அணிக்கும் பழக்கமாகி ஆட்டமே சவசவ என்று ஆனதும் உண்மை. 2025இல் புது விதிகள் வந்தன: ஒவ்வொரு அணியிலும் குறைந்தது மூன்று பேர் எதிர்ப் பாதியிலேயே நிற்க வேண்டும், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கட்டைக்கு மேலே அடித்தால் 2 புள்ளி. கெரிக்காரரின் வாந்திக்கு மருந்து வர இருபத்திரண்டு வருஷம் ஆனது.

அடுத்த ஊரைத் திட்டுவது பெரிதில்லை, கெரி மோசமாக ஆடினாலும் அவர் விட்டதில்லை. சொந்த வீட்டைத் திட்டும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. நமக்குக் குத்துவது இந்த இடம்தான். இங்கே யாரும் காசு கொடுத்து ஆட்டக்காரரை ஏலத்தில் எடுப்பதில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடு, அந்தக் கவுண்டிக்கு ஆடு, அவ்வளவுதான். அதனால் புது மனிதரைப் பார்த்ததும் முதல் கேள்வி “எந்தக் கவுண்டி?” நம்மூர் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்கும் “உங்களுக்கு எந்த ஊரு தம்பி?” எழுத்துக்கு எழுத்து அதேதான். டப்ளின் என்றால் சிரித்துக்கொண்டே, அதில்லை, அசல் ஊர் என்பார்கள். தென்னிந்தியா என்றதும் முகம் மலரும். “ஓ, கேரளாவா?” ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மலையாள நர்ஸ்கள் இருப்பதால் வரும் வினை. இல்லை, பக்கத்து ஸ்டேட் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். கெரி என்று காதில் விழுந்தாலே கேரளாவோ என்று திரும்பிப் பார்க்கும் வியாதி நமக்கே வந்துவிடும்.

செட்டில் ஆகிவிட்டோம் என்று சொல்ல ஆரம்பிப்பது பிள்ளைகளைக் கிளப்பில் சேர்த்தபிறகு. ஃபோரன் என்ற செயலியில் பதிவு செய்ய வேண்டும். பல் கவசம் கட்டாயம், அது இல்லாமல் இறக்க மாட்டார்கள். கடையில் வாங்கியதை வெந்நீரில் முக்கி, இளகியதும் கடிக்கவைத்துப் பல் அச்சு எடுக்க வேண்டும். அதிக நேரம் போட்டால் சுருண்டுவிடும், குறைந்தால் அச்சு விழாது. சோலோவுக்கு, எந்தக் காலோ அந்தப் பக்கத்துக் கையால் இடுப்பு உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். விரல் நுனியை நம் பக்கம் மடக்கி, அடியில் மெதுவாகத் தட்டினால் பந்து பின்னோக்கிச் சுழன்று கைக்கு வரும். பாதத்தைத் தட்டையாக வைத்தால் முன்னால் ஓடிவிடும், காலை விறைப்பாக வீசினால் மூக்கில் வந்து அடிக்கும். முதல் வாரம் நின்ற இடத்தில் பழகி, பிறகு நடந்து, அதற்கப்புறம்தான் ஓட்டம். கிரிக்கெட் பழகிய பையன்கள் செய்யும் தவறு வேறு: தரையில் கிடக்கும் பந்தைக் குனிந்து கையால் அள்ளுவார்கள். ஃபவுல். காலால் கிளப்பித்தான் எடுக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் கையால் எடுக்கலாம் என்பதால் அண்ணன் தங்கை இருக்கும் வீட்டில் இதற்கே தனிச் சண்டை நடக்கும். ஊரிலிருந்து அம்மா போனில், “அங்க கிரிக்கெட்டு கிடையாதாடா?” என்று கேட்டால், பிள்ளைகள் ஆடுவதை விளக்குவதற்குள் காலிங் கார்டு காலம் மாதிரி போனை வைத்துவிடத் தோன்றும்.

அந்த அழுகைக்கு வருவோம். ஸ்பில்லேனின் அப்பா டாம், 1964இல் கெரி அணித் தேர்வாளர்களில் ஒருவர். அந்த வருஷ இறுதிப் போட்டியில் கெரி கால்வேயிடம் தோற்றது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். மகன் பாட் ஸ்பில்லேனுக்கு அப்போது எட்டு வயது. பாட், மிக், டாம் என்று மூன்று மகன்களும் சேர்ந்து பத்தொன்பது அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கினார்கள், ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. 58 வருஷம் கழித்து, அதே கால்வேயை கெரி தோற்கடித்தபோது அணியில் பேரப்பிள்ளைகள் கிலியனும் ஏட்ரியனும் இருந்தார்கள். ஸ்பில்லேனுக்கு விமர்சகராக அதுதான் கடைசி நாள்.

அயர்லாந்துக் கிராமப்புறங்களின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றி ஆராய அரசு 2012இல் அமைத்த குழுவுக்குத் தலைவரும் அவரேதான். பிழைப்புத் தேடிப் பையன்கள் கிளம்பிவிட்டால் சின்ன ஊர்க் கிளப்புகளில் பதினைந்து பேர் தேறுவதில்லை, இரண்டு ஊர் சேர்ந்து ஒரே அணியாக இறங்க வேண்டியதாகிறது. போனவர்கள் போன இடத்தில் அணி கட்டுகிறார்கள். லண்டனும் நியூயார்க்கும் கனாக்ட் மாகாணப் போட்டியில் ஆடுகின்றன, 2023இல் நியூயார்க் லீட்ரிம் கவுண்டியைத் தோற்கடித்தே விட்டது. லண்டனிலும் டொரன்டோவிலும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள் ஊர்ப் பெயரிலேயே உதைபந்தாட்டம் நடத்துவது இதற்குச் சொந்தக்காரன்தான்.

தை மாதம் வாட்சப்பில் படம் வரும். பொங்கல் கபடிக்கு இந்த வருஷம் மேலத்தெருவையும் கீழத்தெருவையும் சேர்த்து ஒரே டீமாக்கிட்டோம், ஆள் இல்லை என்று. டப்ளினில் மூன்று பேர், கார்க்கில் ஒருவர், சிங்கப்பூரில் இரண்டு, துபாயில் ஒருவர். எண்ணிப் பார்த்தால் சரியாக ஏழு.