விடை சரி, வழி பாதி

ஒலிம்பியாட் பயிற்சித்தாள் ஒன்றில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தது நியாயம்தானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ராயபுரம் ட்யூஷனில் பையன் தாளோடு வந்து நின்றான். “விடை கரெக்டாத்தானே சார் வந்துச்சு? அப்புறம் எதுக்கு ரெண்டு மார்க் கட்டு?”

எண் 293318625600. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை என்று காட்ட வேண்டும். பகாக் காரணிகளாக உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5040 காரணிகள். இதுவரை யாரும் போடுவார்கள்.

அடுத்து அவன் காரணிகளை மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தான். ஒரு 3-ஐ எடுத்துவிட்டு 2-ஐ வைத்தால் 195545750400. எண் சிறிதாகிறது, காரணிகளும் 4608 ஆகின்றன. 5-ஐயும் 7-ஐயும் எடுத்து 23-ஐ நுழைத்தால் 4480. ஆனால் 3-ஐயும் 7-ஐயும் எடுத்து 23-ஐ வைத்தால் காரணிகள் 5376 ஆக உயர்கின்றன! நம் எண் தப்பிப்பது ஒரே காரணத்தால்தான்: 21-ஐ எடுத்து 23-ஐ வைப்பதால் புது எண் பெரிதாகிவிடுகிறது. அந்த வரியை அவன் கோடிட்டிருந்தான். அழகான இடம்.

நிரூபணத்துக்கு அது போதாது. முதல் 11 பகா எண்களின் பெருக்கம் 200560490130. 37-ஐயும் சேர்த்தால் நம் எண்ணைத் தாண்டிவிடும். எனவே பதினொன்றுக்கு மேல் வெவ்வேறு பகா எண்கள் வர வழியில்லை. பதினொன்றும் வந்தால் இன்னொரு 2-க்குக்கூட இடமில்லை, 2048 காரணிகளோடு சரி. பத்து வந்தால் 4096-ஐத் தாண்டாது. ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கும்போதுதான் வேலை கூடும். சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு என்ற ஒழுங்கில் எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும். அவன் தாளில் அது ஒரு வரிகூட இல்லை. அதற்குத்தான் குறைத்தேன்.

ஆனாலும் உறுத்துகிறது. இங்கே சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், 1915-இல் லண்டனில் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய எண்களைப் பட்டியலிட்டார். அதன் கடைசி எண் 6746328388800, காரணிகள் 10080. அதை 23-ஆல் வகுத்தால் வருவது இதே 293318625600. பட்டியலில் விடுபட்டதும் இந்த எண்தான். அவ்வளவு பெரிய கைக்கே தப்பிய இடத்தில் முழுச் சரிபார்ப்பைக் கேட்டது சரி என்று ஒரு சமயம் தோன்றுகிறது. பட்டியலில் உள்ள 195545750400-இல் ஒரு 2-ஐ 3 ஆக்கினால் விடுபட்ட எண் கையில் வந்துவிடுகிறதே, பையனின் வழி லேசுப்பட்டதா என்று இன்னொரு சமயம்.

மதிப்பெண்ணை மாற்றவில்லை. அடுத்த தாளில் 21-23 ஒப்பீட்டுக்கு மட்டும் தனியாக ஒன்று ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். மற்ற ஒன்றைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.