ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு கண்ணாடி முகப்பு

போன ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, இரண்டு வருடமாகத் தனியாகக் கடைகளின் கண்ணாடி முகப்பு அலங்கார வேலை செய்துவரும் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அத்தனை மகிழ்ச்சி.

"அக்கா, புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி அலங்காரம் எனக்குக் கிடைத்திருக்கிறது. பத்தடிக்கு ஏழடிக் கண்ணாடி, மூன்று பொம்மைகள். ஆறாயிரம் ரூபாய் சொல்லியிருக்கிறேன்."

"பொருளுக்குத் தனியாகவா?"

"இல்லை அக்கா, எல்லாம் சேர்த்து."

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளையும் எழுதச் சொன்னேன். சன்போர்டு என்னும் லேசான நுரைப் பலகை, பெயிண்ட், பின்திரைத் துணி, தொங்கவிடும் நைலான் நரம்பு எல்லாம் 2,800 ரூபாய். மாட்டுவதற்கு ஓர் இரவு, கழற்றுவதற்கு ஓர் இரவு, இரண்டுக்கும் உதவியாள் கூலி 1,200 வீதம் 2,400. சாமான்களை ஏற்றிப்போகவும் திரும்பக் கொண்டுவரவும் சுமை ஆட்டோ 1,400. கூட்டினால் 6,600. அவள் சொன்ன தொகையை அது தாண்டிவிட்டது. நேரில் போய் அளவெடுத்து, வரைந்து, பொருள் வாங்கப் பாரிமுனையில் அலைந்து, இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, இரண்டு இரவு கண்விழித்து, கடைக்காரருக்குக் கையிலிருந்து 600 ரூபாயும் கொடுக்கப் போகிறாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கைத்திறன் உள்ள பிள்ளைகள். பணம் பேசக் கூச்சப்படுகிறவர்கள். அந்தக் கூச்சம் அவர்களை மூன்றே வருடத்தில் தொழிலை விட்டு அனுப்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தாங்கவில்லை.

நான் ஒரு ஜவுளி நிறுவனத்தில் ஐந்து வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு 2014-இல் தனியாக வந்தேன். சம்பளத்தில் இருந்தவரை என் வேலைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. தனியாக வந்த பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன். கடையைப் பார்க்கப் போன நாள், காசிச் செட்டித் தெருவில் பூவும் சரமும் தேடிய நாள், கோடவுன் தெருவில் பின்திரைத் துணி எடுத்த நாள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு முகப்புக்கு மாட்டும் வேலை ஓர் இரவு என்றால், அதற்கு முன்னால் மூன்று நான்கு பகல்கள் போகின்றன. கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவது அந்த ஓர் இரவு மட்டும். மீதியை நாம் எழுதிக் காட்டாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் என் மதிப்பீட்டுத் தாளில் நாட்களைத் தனித்தனி வரிகளாக எழுதுகிறேன். பகல் நாளுக்கு ஒரு கூலி, இரவுக்கு அதில் ஒன்றரை மடங்கு. கடை பத்து மணிக்குச் சாத்திய பிறகு உள்ளே போய், காலை ஆறு மணிக்குள் கூட்டிப் பெருக்கிவிட்டு வெளியே வர வேண்டும். மறுநாள் பகலில் வேறு எந்த வேலையும் ஓடாது. அந்த அரை நாளும் கூலியில் சேர வேண்டியதுதான். கழற்றும் வேலையைத் தனி வரியாக எழுதுங்கள். புதியவர்கள் எல்லோரும் மறப்பது இதைத்தான். பண்டிகை முடிந்து, கடையில் யாரும் நம்மை நினைக்காத நேரத்தில், அதே ஏணியில் ஏறி இறங்கிச் செய்யும் வேலை அது.

அந்தப் பெண்ணின் நாள் கூலியை 2,000 என்று வைத்துக் கணக்குப் போட்டோம். நான்கு பகல், மாட்ட ஒரு முழு இரவு, கழற்ற அரை இரவு: 12,500. பொருளும் ஆளும் வண்டியும் சேர்த்தால் 19,100. "இவ்வளவு கேட்டால் தரமாட்டார்கள் அக்கா" என்றாள். தரமாட்டார்கள்தான், அது சின்னக் கடை. அப்போது கூலியில் கை வைக்கக் கூடாது, வேலையைச் சுருக்க வேண்டும். மூன்று பொம்மைக்கு இரண்டு போதும். வெட்டி ஒட்டும் உருவங்கள் வேண்டாம், கடையின் சேலைகளையே மேலிருந்து அருவி போல இறக்கிவிடலாம். கழற்றுவதைக் கடைப் பையன்களே செய்துகொள்ளட்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு பகல் 4,000, ஓர் இரவு 3,000, பொருள் 1,200, உதவியாள் 1,200, வண்டி 700. ஆக 10,100.

"ஆறாயிரம் என்று சொல்லிவிட்டேனே, இனி எப்படி மாற்றுவது?" என்று கேட்டாள். கடையை நேரில் பார்க்காமல் தொலைபேசியில் சொன்ன தொகை அது, அளவெடுத்த பிறகு வந்த கணக்கு இது என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

இனி, வர வேண்டிய பணம் வராமல் போவதைப் பற்றி.

2016 தீபாவளி அக்டோபர் 29. அந்த வருடம் ஒரு பெரிய கடைக்கு நான்கு முகப்புகள் செய்தேன். பில் 42,000 ரூபாய். முன்பணமாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, பெரிய கடையாயிற்றே என்ற நம்பிக்கை. தீபாவளி முடிந்து வாருங்கள் என்றார்கள், போனேன். அடுத்த வாரம் என்றார்கள். நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை கடையிலிருந்து அவர்களே அழைத்தார்கள். "உங்கள் பணம் தயாராக இருக்கிறது அம்மா, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்." அத்தனையும் பழைய நோட்டு.

நான் வாங்கவில்லை. என்னோடு நான்கு பேர் இரவெல்லாம் ஏணியில் நின்றிருந்தார்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அவர்கள் கூலியைத் தீபாவளிக்கு முன்பே கொடுத்திருந்தேன். அந்தக் கடன் என் தலையில் இருந்தது. பழைய நோட்டை வாங்கி எந்த வரிசையில் போய் நிற்பது? அதன் பிறகு அந்தக் கடைப் படிகளில் 2017 ஏப்ரல் வரை ஏறினேன். ஐயாயிரம், மூவாயிரம் என்று சில்லறையாகக் கொடுத்தார்கள். கடைசி 9,000 வரவே இல்லை. கணக்குப்பிள்ளை நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் தேநீர் வரவழைத்துக் கொடுப்பார். அவரால் முடிந்தது அதுதான்.

அன்றிலிருந்து பொருளுக்கான தொகை முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் பாரிமுனைக்குப் பஸ் ஏறுகிறேன். கூலியில் பாதி முன்பணம். மீதியில் பெரும்பகுதி, வேலை முடிந்த காலையிலேயே. கழற்றும் கூலி மட்டும் கழற்றும் நாளில். எதையும் வாய்ப்பேச்சில் விடுவதில்லை. கடிதமாக முடியாவிட்டால் வாட்ஸப்பில் வரைபடத்தையும் தொகையையும் தேதியையும் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்கிறேன். பில்லில் கடைப் பலகையில் உள்ள பெயரை எழுதாமல், நிறுவனம் எந்தப் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கிறதோ அதைக் கேட்டு எழுதுங்கள். பெயர் தவறு என்று பில்லை ஒரு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு.

பணத்தைத் தாமதமாகத் தருவது அவர்கள் விருப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சட்டம் இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் பேசிய தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. தேதி எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டுவட்டி. தனியாக வேலை செய்யும் ஒரு பெண்ணும் 'குறு நிறுவனம்' என்று பதிவு செய்துகொள்ளலாம். உத்யம் பதிவு அரசின் இணையதளத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களிடம் போகாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே பதிவு கையில் இருக்கட்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் வழக்கில் சிக்கல் வரும்.

2022-இல் இன்னொரு கடையில் 31,000 ரூபாய் எழுபது நாளாக நின்றது. உத்யம் எண்ணையும், பில் தேதியையும், சட்டத்தின் 15, 16 பிரிவுகளையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்தது, நின்றுபோன பணத்துக்கு முறையிடும் அரசின் சமாதான் இணையதளத்தில் மனு என்றும் எழுதியிருந்தேன். பதினோராம் நாள் பணம் வங்கியில் இருந்தது. இப்போது இன்னொரு பிடியும் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிறுத்திவைத்த தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை கடைக்காரர் தம் செலவாகக் காட்ட முடியாது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

வரிப் பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை. நம்மை ஒப்பந்த வேலைக்காரராக எழுதினால் 1 சதவீதம் பிடிப்பார்கள், தொழில்முறை ஆலோசகராக எழுதினால் 10 சதவீதம். எப்படி எழுதப் போகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள்.

பணம் நிற்பதற்கு இன்னொரு வழி, சேதம் என்று சொல்வது. ஒரு முறை 38,000 ரூபாய்ப் பட்டுச் சேலையின் முந்தானையில் கறை என்று என் பில்லில் 8,000 பிடித்தார்கள். அந்தக் கறை என் கைக்கு வரும்போதே இருந்தது, ஆனால் அதற்குச் சாட்சி இல்லை. இப்போது கடையின் ஆள் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு துணியையும் விரித்துப் படம் எடுத்துவிட்டுத்தான் தொடுகிறேன். பட்டில் நேராகக் குண்டூசி குத்துவதில்லை. கொசுவத்தின் உள்மடிப்பில், துருப்பிடிக்காத மெல்லிய ஊசி ஒன்று. ஒட்டும் டேப் பட்டின் பக்கமே வரக் கூடாது. மேற்குப் பார்த்த கண்ணாடியாக இருந்தால் சேலையைப் பத்து நாளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிப் பில்லிலேயே எழுதிவிடுகிறேன். வெயிலில் வெளுத்தால் அந்தப் பழியும் நம் மேல் வரும்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரங்கநாதன் தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை, கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டே போகிறது. கீழே எழுதியது முன்னால் போகிறவர் தலையில் மறைந்துவிடும். தள்ளுபடி எழுத்து ஆறடிக்கு மேலே இருந்தால்தான் கண்ணில் படும். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு மனிதர்கள் மெல்ல நடக்கிறார்கள், குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை வைக்கிறார்கள். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மரப்பாச்சி ஜோடியை வைத்தாலும் யாராவது குனிந்து பார்ப்பார்கள். பகல் வெயிலில் கண்ணாடி வெறும் நிலைக்கண்ணாடிதான். பின்திரை இருண்டிருந்தால் எதிர்க்கடையும் பஸ்ஸும்தான் தெரியும். வெளிர் நிறத் திரையும் நல்ல வெளிச்சமும் அங்கே தேவை. இதையெல்லாம் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டு நடைக்கும் கூலி உண்டு.

கறுப்பு ஆகுமா, தலையில்லாத பொம்மை ஆகுமா என்பதை வரைவதற்கு முன்பே பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். நள்ளிரவு ஒரு மணிக்குக் கடையின் மூத்தவர் வந்து "நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா?" என்று கேட்டால் அந்த இரவு முழுவதும் வீண். வரைபடத்தில் இரண்டு திருத்தம் வரை என் கூலிக்குள் அடக்கம், மூன்றாவதற்குத் தனி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

விற்பனைப் பெண்களிடம் பேசுங்கள். எந்தச் சேலையைக் காட்டி வாடிக்கையாளர் "அதை எடுங்கள்" என்று கேட்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்கள் அவர்கள். கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. முகப்புக்கு உள்ளே நான் போடும் முக்காலியை, கடை திறக்கும் முன்பே அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவேன்.

அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் அளவெடுத்துவிட்டுப் புதிய தாளைக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் நூறு ரூபாயைக் குறைத்துப் பத்தாயிரத்துக்குச் சம்மதித்தார். வியாழக்கிழமை காலை 5,000 அவள் கணக்கில் வந்துவிட்டது. வரும் செவ்வாய் இரவு மாட்டுகிறார்கள். முதல் முறையாகப் பத்தடிக் கண்ணாடி என்பதால் நானும் கூடப் போகிறேன். ஏணி என்னுடையது. அதற்கு வாடகை 300 ரூபாய் என்று தன் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அடுத்த கடைக்கு மதிப்பீடு போடும்போது அவள் அதை மறக்காமல் இருக்க வேண்டும்.