வேலையை விட்டவனோடு கூடவே வந்த அலுவலகம்

கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் ஒன்பது ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டு யாழ்ப்பாணம் திரும்பிய மாதத்தில்தான், 1985இல் வெளிவந்த ‘லொஸ்ட் இன் அமெரிக்கா’ என்ற நகைச்சுவைப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அல்பேர்ட் புறூக்ஸ் எழுத்தில் பங்கெடுத்து, இயக்கி, நடித்த படம் அது.

லொஸ் ஏஞ்சலிஸில் விளம்பர நிறுவனமொன்றில் பதவியுயர்வு நிச்சயம் என்று நம்பியிருந்த டேவிட், நியூயோர்க்குக்கு இடமாற்றம் என்று கேட்டதும் மேலதிகாரியை ஏசி வேலையை இழக்கிறான். மனைவி லிண்டாவையும் வேலையை விடச் செய்து, வீட்டை விற்று, சமையலறையும் படுக்கையும் உள்ள பெரிய வாகனமொன்றை வாங்கிக்கொண்டு நாடு சுற்றப் புறப்படுகிறான். லாஸ் வேகாஸில் ஒரே இரவில் லிண்டா கைமுதலைச் சூதில் தோற்றுவிடுகிறாள்.

அதன் பின்பு வரும் காட்சியைத்தான் நான் மூன்று முறை பார்த்தேன். பணத்தைத் திருப்பித் தந்தால் இரக்கமுள்ள விடுதி என்று ஊரெல்லாம் விளம்பரப்படுத்தலாம் என்று டேவிட் மேலாளரிடம் உருக்கமாக எடுத்துரைக்க, கரி மார்ஷல் நடித்த அந்த மேலாளர் பொறுமையாக மறுத்துக்கொண்டேயிருக்கிறார். வேலையை விட்டவன், வேலையில் கற்ற அதே பேச்சை, அதே குரலில், அதே நம்பிக்கையோடு பேசுகிறான்.

“ஏன் தம்பி, நிப்பாட்டிப்போட்டாய்?” என்று விறாந்தையிலிருந்து அம்மா கேட்டார். எனக்கு ஆனையிறவு நினைவுக்கு வந்திருந்தது. ஏ9 வீதியால் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்த அன்று, இருபுறமும் நீரேரி விரிந்து கிடந்த அவ்விடத்தில் இறங்கி நின்று, உப்புக்காற்று முகத்தில் படப்பட, இனி ஒருபோதும் எழுதத் தேவையில்லாத மாத இறுதி அறிக்கையின் முதல் வரியை நான் மனத்துள் திருத்திக்கொண்டிருந்தேன்.

படத்தின் முடிவு அவசரமானது என்பதே என் எண்ணம். காசில்லாமல் அரிசோனாவின் சிற்றூரொன்றுக்கு வந்து சேரும் டேவிட், மணிக்கு 5.50 டொலர் சம்பளத்தில், பாடசாலைப் பிள்ளைகளை வீதி கடக்கவைக்கும் வேலைக்குப் போகிறான்; பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். எதையும் விற்கத் தேவையில்லாத அந்த வேலையில் அவனை இன்னும் சில நாட்களாவது நிற்கவிட்டிருக்கலாம். அதற்குள் வாகனம் நியூயோர்க்கை நோக்கித் திரும்பிவிடுகிறது.